அடையாற்றங்கரையில் இரண்டு சட்டங்கள்

சென்னை மாநகரின் தென்கோடியில், பெசன்ட் நகரில், மாலை நேரங்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் காற்று வாங்க வந்து அமரும் கடற்கரை ஒன்று உண்டு. அதை எலியட்ஸ் கடற்கரை என்று அழைக்கின்றோம். அங்கிருந்து வடக்கே, மயிலாப்பூரின் ஓரமாகச் சென்று மெரினாவைத் தொடும் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலைக்கும் முன்னாளில் எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்றே பெயர். முதியவர்கள் சிலர் இன்றும் அப்பெயரைச் சொல்லக் கேட்கலாம். இந்த எலியட் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்பார்கள். அது சரியான விடைதான். ஆனால் முழுமையான விடை அன்று.

எட்வர்ட் எலியட் சென்னை நகரின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். 1854இல் சென்னை அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு ஒன்றின் மூன்று உறுப்பினர்களுள் ஒருவர். அக்குழுவிற்குச் சரித்திரத்தில் வழங்கும் பெயர் சித்திரவதை விசாரணைக் குழு என்பது. இன்று நாம் நீதிமன்றம், போலீஸ், குற்றப்பத்திரிகை, வாக்குமூலம் என்றெல்லாம் பேசுகின்றோமே, அந்த அமைப்பின் பல முக்கியமான எலும்புகள் அந்தக் குழுவின் அறிக்கைக்குப் பின் எழுந்த கிளர்ச்சியில்தான் பொருத்தப்பட்டன. சட்டம் இயற்றுவது முதல் தண்டனை நிறைவேறுவது வரை ஆங்கிலேயர் இங்கே எப்படி ஒரு நீதி முறையைக் கட்டினார்கள், அதில் நம்முடைய காஜிகளும் முஃப்திகளும் எந்த இடத்தில் நின்றார்கள், பின்னர் எப்படி அகற்றப்பட்டார்கள் என்பதைச் சிறிது விரிவாகக் காண்போம்.

ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கும்பினி ஆட்சியில் சென்னைக்கு ஒரு சட்டம், சென்னைக்கு வெளியே வேறொரு சட்டம். நகருக்குள் ஆங்கிலச் சட்டம். 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றம் அமைக்கப்பட்டு, ஸர் தாமஸ் ஸ்டிரேஞ்ச் அதன் தலைவரானார். 1801இல் அது சுப்ரீம் கோர்ட்டாக உயர்த்தப்பட்டபோது அவரே தலைமை நீதிபதி. ஆங்கிலச் சட்டம் எதுவரை செல்லும் என்பதற்கு 1798இல் நகரின் எல்லை வகுத்து அறிவிக்கப்பட்டது. தெற்கே அடையாறு, மேற்கே மாம்பலத்துப் பெரிய ஏரியின் கரையும் நுங்கம்பாக்கம் ஏரியின் கரையும். அந்த மாம்பலத்து ஏரிதான் 1920களில் தூர்க்கப்பட்டு இன்றைய தியாகராய நகராயிற்று.

ஆக, மயிலாப்பூரில் ஒருவன் திருடினால் இங்கிலாந்தின் சட்டப்படி, ஜூரிகள் முன்னிலையில், கறுப்பு அங்கி அணிந்த நீதிபதி அவனை விசாரிப்பார். ஆற்றைக் கடந்து செங்கற்பட்டு ஜில்லாவிற்குள் அதே குற்றத்தை அவன் செய்தால், அவன் வழக்கின் முடிவில் ஒரு முஸ்லிம் ஆலிம் எழுதும் ஃபத்வா இருக்கும். இதைக் கேட்கும்போது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் உண்மை அதுதான்.

முகலாயர் ஆட்சியில் நாட்டின் குற்றவியல் சட்டமாக இருந்தது இஸ்லாமியச் சட்டம். வங்காளத்தின் திவானி உரிமை 1765இல் கும்பினியின் கைக்கு வந்தபோது, நடைமுறையில் இருந்த சட்டத்தை அவர்கள் ஒரேயடியாக நீக்கவில்லை. அவர்களுக்கு வேறு சட்டம் ஆயத்தமாகவும் இல்லை. வங்காளத்தில் காரன்வாலிஸ் அமைத்த முறையைத் தழுவி, 1802இல் சென்னை ராஜதானிக்கும் ரெகுலேஷன்கள் என்னும் ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டன. அவற்றை இயற்றியது எந்த மக்கள் மன்றமும் அன்று. புனித ஜார்ஜ் கோட்டையில் கூடிய கவர்னரும் அவருடைய ஆலோசனைச் சபையுமே. அவ்விதிகளின்படி ஊர் ஊராகச் சென்று விசாரிக்கும் சுற்று நீதிமன்றங்களும், அவற்றிற்கு மேல் சென்னையில் ஃபவுஜ்தாரி அதாலத் என்னும் உயர் குற்ற நீதிமன்றமும் அமைந்தன. நீதிபதிகள் ஆங்கிலேயர், அவர்களுக்குத் துணையாகக் காஜியும் முஃப்திகளும் சம்பளம் பெறும் சட்ட அலுவலர்களாக அமர்த்தப்பட்டனர். ஃபவுஜ்தாரி அதாலத்தின் தலைமைக் காஜிக்குக் காஜியுல் குஜாத் என்று பட்டம்.

வழக்கு விசாரணை முடிந்ததும், பதிவேட்டின் அடியில் சட்ட அலுவலர் தம் ஃபத்வாவை எழுதுவார். குற்றம் மெய்ப்பட்டதா, அது ஹத்து ஆகுமா, கிஸாஸ் ஆகுமா, அன்றித் தஃஜீருக்கு உரியதா என்பது அவர் சொல்ல வேண்டியது. நீதிபதி அதனுடன் இசைந்தால் தீர்ப்பு. இசையாவிட்டாலும், மரண தண்டனை என்றாலும், வழக்கு சென்னைக்கு வரும். ஹிதாயாவும் ஃபதாவா ஆலம்கீரியும் இந்நீதிமன்றங்களின் கைநூல்கள். ஹிதாயாவைச் சார்லஸ் ஹாமில்டன் 1791இல் ஆங்கிலத்தில் வெளியிட்டதும் இந்தத் தேவையை முன்னிட்டுத்தான்.

ஆயினும், அது ஷரீஅத்தாக இருந்தது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ள இடமில்லை. கும்பினியார் அதைத் தம் தேவைக்கேற்ப வெட்டியும் ஒட்டியும் வைத்தனர். கொலையுண்டவனின் வாரிசுகள் மன்னிக்கும் உரிமையைப் பறித்தனர். மன்னிப்பு இருந்தாலும் அரசாங்கம் தூக்கிலிடும் என்றனர். கொலைக் கருவி எது என்பதைப் பார்க்காமல் கொலை எண்ணத்தையே பார்க்க வேண்டும் என்றனர். உறுப்பு வெட்டும் தண்டனையை நீக்கி, வங்காளத்தில் ஓர் உறுப்புக்கு ஏழு ஆண்டு, இரண்டு உறுப்புக்குப் பதினான்கு ஆண்டு கடின உழைப்புச் சிறை என்று மாற்றினர். ஆலிமிடம் ஃபத்வா கேட்பார்கள். பின்னர் ஒழுங்குவிதி வந்து அந்த ஃபத்வாவைத் திருத்தும். பெயர் நம்முடையது, அதிகாரம் அவர்களுடையது.

ஒரே கையில் சாட்டையும் கணக்கும்

நீதிமன்றத்திற்கு வழக்கு வந்த பிறகு நடப்பதைப் பார்த்தோம். வழக்கு அங்கே எப்படி வந்து சேர்ந்தது? அதற்கான விடை நீதிமன்றத்தில் அன்று, தாலுகாக் கச்சேரியில் இருந்தது.

தாமஸ் மன்றோவின் ஆலோசனையின் பேரில் 1816இல் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. மாஜிஸ்திரேட் அதிகாரம் ஜில்லா நீதிபதியிடமிருந்து கலெக்டருக்கு மாற்றப்பட்டது. தாலுகாவில் நிலவரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸ் தலைவர். கிராமத்தில் வரி வசூலிக்கும் மணியக்காரரே காவலுக்கும் பொறுப்பு. மக்களுக்குப் பழக்கமான முறை இது, செலவும் குறைவு என்பது அவர்கள் சொன்ன நியாயம். ஆனால் இதன் பொருள் என்ன? ஓர் உழவன் வரி கட்டவில்லை என்றால் அவனை வருத்தி வசூலிப்பவரும் தாசில்தார்தான். அப்படி வருத்தினார் என்று அவன் முறையிடச் செல்ல வேண்டியதும் அதே தாசில்தாரிடம்தான். அவர்மேல் திருட்டுக் குற்றம் சாட்டி வாக்குமூலம் வாங்க நினைத்தாலும் வாங்குபவர் அவரே. வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் வீடு வந்து சேருமா?

வசூலிலும் விசாரணையிலும் கையாளப்பட்ட முறைகளுக்குத் தமிழிலேயே பெயர்கள் இருந்தன. கிட்டி என்பது ஒரு முனையில் கட்டிய இரண்டு கோல்கள். விரல்களை இடையில் வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது ஆளை வளைத்துத் தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி, முதுகில் கல்லேற்றி நிறுத்துவது. உச்சிவெயிலில் மணிக்கணக்காக நிற்க வைப்பது, கண்ணில் மிளகாய்ப் பொடி இடுவது, பூச்சியைத் தொப்புளில் வைத்துக் கொட்டாங்கச்சியால் மூடிக் கட்டுவது எனப் பட்டியல் நீள்கிறது. குடும்பத்தார் படிக்கும் இதழில் இதற்கு மேல் எழுத நமக்கு மனமில்லை.

இதை வெளியுலகம் அறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் சென்னை வணிகரான காஜுலு லட்சுமிநரசு செட்டியார். 1844இல் ‘கிரசென்ட்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர். 1852இல் சென்னை சுதேசிகள் சங்கத்தை நிறுவி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு மக்களின் குறைகளை மனுவாக அனுப்பினார். நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் இங்கு வந்தபோது, அவரை ஊர்களுக்கு அழைத்துச் சென்று நிலைமையைக் காட்டினார். 1854 ஜூலையில் லண்டனில் காமன்ஸ் சபையில் விவாதம் எழுந்தது. சென்னையில் வரிக்காக மக்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்று சிலர் சொல்ல, அப்படி ஒன்றுமே இல்லை என்று கும்பினியின் ஆதரவாளர்கள் மறுத்தனர். அந்த மறுப்பை மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ ஒரு விசாரணை தேவைப்பட்டது. 1854 செப்டம்பரில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட குழு அமைந்தது. நார்ட்டன் வழக்குரைஞர். தென்னிந்தியாவில் நீதி நிர்வாகம் எவ்வளவு சீர்கெட்டுள்ளது என்று 1853இலேயே நூலெழுதிக் கும்பினியின் முகச்சுளிப்பைப் பெற்றவர். நார்ட்டன் என்னும் பெயரும் மந்தைவெளித் தெருக்களில் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

குழு அறிவிப்புச் செய்தது, மக்கள் வந்தனர். பெரும்பாலோர் ஏழை உழவர்கள். தாசில்தாரின் சினத்துக்கு அஞ்ச வேண்டிய அவர்கள், நெடுந்தொலைவு நடந்தும் சென்னைக்கு வந்தார்கள். நேரில் வந்தவர்கள் 519 பேர். மடலாக வந்தவை 1,440. ஆக மொத்தம் 1,959 முறையீடுகள். 1855 ஏப்ரலில் குழு அறிக்கை தந்தது: வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் சித்திரவதை நடப்பது உண்மை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1857இல், காரல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இந்த அறிக்கையைச் சுட்டிக் கட்டுரை வரைந்தார்.

அறிக்கையில் ஒரு சாய்வும் இருந்தது. கொடுமை செய்தவர்கள் உள்நாட்டுக் கீழ்நிலை அலுவலர்களே, ஐரோப்பிய அதிகாரிகள் இதை அறிந்து ஒப்பவில்லை, மக்களும் வெள்ளையரைக் குறை சொல்லவில்லை என்பது குழுவின் முடிவு. அடித்த கை தாசில்தாருடையது என்பது மெய். ஆனால் இவ்வளவு தொகை வசூலாக வேண்டும் என்று ஆண்டுதோறும் நெருக்கிய கை யாருடையது? தாசில்தாருக்குச் சிறு சம்பளமும் பேரதிகாரமும் தந்து, ஒரு கையில் கணக்கையும் மறுகையில் சாட்டையையும் கொடுத்தவர் யார்? இக்கேள்விகளைக் குழு மேலோட்டமாகவே தொட்டது. ஆயினும் வரி வசூலையும் போலீசையும் பிரிக்க வேண்டும் என்னும் உண்மையான மருந்தை அது சொல்லிவிட்டது.

முஃப்தியின் மேசைக்கு வந்த வாக்குமூலம்

இங்கேதான் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இக்கொடுமைகள் நடந்த அதே ஆண்டுகளில், அதே ராஜதானியில், நம் காஜிகளும் முஃப்திகளும் ஃபத்வா எழுதிக்கொண்டிருந்தார்கள். தாலுகாவில் கிட்டியால் நெரித்து வாங்கிய வாக்குமூலம், சாட்சிகளின் கையொப்பத்துடன் அழகாக மடிக்கப்பட்டு அவர்களுடைய மேசைக்கு வந்தது. அதை அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

மதரஸாவில் ஹிதாயா ஓதியவர்கள் கிதாபுல் இக்ராஹ் என்னும் பகுதியை அறிவார்கள். நிர்ப்பந்தத்தின் சட்டங்கள் கூறும் பகுதி அது. அடித்தும் சிறையிட்டும் வாங்கப்பட்ட இக்ரார் ஒருவனைக் கட்டுப்படுத்தாது என்பது அங்கே முதற்பாடம். குறைஷிகளின் சித்திரவதை தாங்காமல் நாவால் ஒரு சொல் சொல்லிவிட்டு, அழுதுகொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்த அம்மார் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியையும், உள்ளம் ஈமானில் அமைதி கொண்டிருக்க நிர்ப்பந்திக்கப்பட்டவர் மீது குற்றமில்லை எனும் இறைவசனத்தையும் நம் குழந்தைகளும் அறிவார்கள். அச்சுறுத்தப்பட்ட நாவின் சொல்லை அல்லாஹ்வே பிடிப்பதில்லை என்றால், மனிதன் எப்படிப் பிடிக்கலாம்?

ஃபவுஜ்தாரி அதாலத்தின் தலைமைக் காஜிக்கு இருந்த பட்டத்தை மேலே குறிப்பிட்டோம். அப்பட்டத்தை இஸ்லாமிய வரலாற்றில் முதன்முதலில் பெற்றவர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள், ஹாரூன் ரஷீதின் காலத்தவர், கி.பி. 798இல் மறைந்தவர். கலீஃபாவின் வேண்டுகோளுக்கு இணங்கி அவர்கள் எழுதிய கிதாபுல் கராஜ் நிலவரியைப் பற்றிய நூல். அதில் இமாமவர்கள் கலீஃபாவிடம் அஞ்சாமல் கூறுவதைச் சுருங்கச் சொன்னால் இவ்வளவுதான்: வரிக்காக யாரையும் அடிக்கலாகாது, வெயிலில் நிறுத்தலாகாது, ஒற்றைக் காலில் நிற்க வைக்கலாகாது. கழுத்தில் சாடிகளைத் தொங்கவிட்டும், தொழ முடியாதவாறு பிணைத்தும் அலுவலர்கள் மக்களை வருத்துகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். இது அல்லாஹ்விடத்தில் பெரும் பாவம். சந்தேகத்தின் பேரில் பிடித்தவரை அடித்து வாங்கிய ஒப்புதலின் மீது தண்டனை நிறைவேற்றலாகாது. பட்டினி போட்டோ, மிரட்டியோ, கட்டி வைத்தோ கேட்டால் தனக்கு எதிராகவே பேசிவிடுபவன் மனிதன் என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் சொன்னதையும் அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்களைப் பற்றிய ஹதீஸும் இங்கே நினைவு கூரத்தக்கது. ஷாம் தேசத்தில் அவர்கள் செல்லும்போது உழவர் சிலர் தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டு வெயிலில் நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டார்கள். ஏன் என்று வினவ, வரிக்காக என்று விடை வந்தது. இவ்வுலகில் மனிதரை வதை செய்வோரை அல்லாஹ் வதை செய்வான் என நபி (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதாக ஹிஷாம் (ரலி) அங்கேயே அறிவித்தார்கள், அதிகாரியிடம் சென்று எடுத்துரைத்தார்கள், உழவர்கள் விடுவிக்கப்பட்டனர். வெயிலில் நின்ற அவர்கள் முஸ்லிம்கள் அல்லர், நபத்தீ குடியானவர்கள். அநீதி யாருக்கு நேர்ந்தது என்று அந்த ஸஹாபி பார்க்கவில்லை. ஷாமில் எண்ணெய், சென்னையில் முதுகின் மேல் கல். வெயிலும் வரியும் ஒன்றே.

நாம் நேர்மையாகச் சிந்திப்போமாக. இமாம் அபூ யூசுஃப் இதையெல்லாம் எழுத நேர்ந்தது ஏன்? நடந்ததால்தான். இஸ்லாமிய அரசின் அலுவலர்களே செய்ததால்தான். பிற்காலச் சட்ட அறிஞர்களுள்ளும், பேர்போன குற்றவாளிகளிடம் அரசு கடுமை காட்டலாம் என்று வாசல் திறந்தவர்கள் சிலர் உண்டு. நவாபுகள் காலத்தில் வரி வசூல் பூப்போலக் கையாளப்பட்டது என்று சொல்லவும் முடியாது. ஆகவே, ஆங்கிலேயன் வருமுன் எல்லாம் நீதியாயிருந்தது, அவன் வந்து கெடுத்தான் என்று மேடையில் பேசுவது எளிது. கிதாபுகள் அதற்குச் சாட்சியம் கூறமாட்டா. ஆங்கிலேயன்தான் நமக்கு நீதியைக் கற்பித்தான் என்போரின் கூற்றும் நில்லாது. அடித்து வாங்கும் வாக்குமூலம் செல்லாது என்னும் விதி, சென்னை அறிக்கைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பக்தாதில் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

விதி இருந்தது, காவலில்லை. குறை அங்கேதான். ஆலிமின் கையில் கிதாபு இருந்தது. ஆனால் தாலுகாக் கச்சேரியின் கதவைத் தட்டி, இந்தச் சொல் எப்படி வாங்கப்பட்டது என்று கேட்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. கேட்டிருந்தால் சம்பளம் போயிருக்கும் என்பதும் உண்மை. சட்டத்தின் நுட்பத்தை மட்டும் அவருக்கு விட்டுவிட்டு, சட்டத்தின் கைகால்களைக் கும்பினி தன்னிடம் வைத்துக்கொண்டது.

புதிய மாளிகை

1855க்குப் பிறகு மாற்றங்கள் விரைந்தன. 1859இல் சென்னைப் போலீஸ் சட்டம். வரி வசூலிலிருந்து போலீஸ் பிரிக்கப்பட்டது. வில்லியம் ராபின்சன் அதன் தலைமை அதிகாரியானார். 1861இல் இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டம் வந்தது.

சட்டத் தொகுப்பும் அப்போதுதான் நிறைவெய்தியது. 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின்படி மெக்காலே தலைமையில் சட்ட ஆணையம் அமைந்து, 1837இல் தண்டனைச் சட்டத்தின் வரைவைத் தந்திருந்தது. சென்னை சிவில் சேவையைச் சேர்ந்த மெக்லியாடும் அதில் உறுப்பினர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்த அவ்வரைவு, 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின் விழித்து, 1860 அக்டோபர் 6ஆம் நாள் சட்டமாயிற்று. 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 511 பிரிவுகள். அவற்றுள் 330, 331 ஆகிய இரண்டும், வாக்குமூலம் பெறுவதற்காகவோ, பொருளைத் திரும்பப் பெறுவதற்காகவோ ஒருவரைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கின. சாதாரணக் காயமென்றால் ஏழாண்டு வரை, கொடுங்காயமென்றால் பத்தாண்டு வரை சிறை. அப்பிரிவின் கீழே எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டவர்கள் யார் தெரியுமா? ஒரு போலீஸ் அதிகாரி. ஒரு வரி வசூல் அதிகாரி. சென்னையின் உழவர்கள் பட்ட துன்பத்தைச் சட்டப் புத்தகத்திலேயே காண்பது போலிருக்கும்.

1861இன் குற்ற நடைமுறைச் சட்டம், போலீசாரிடம் கூறும் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்றது. 1872இன் சாட்சியச் சட்டம் அதை 25, 26ஆம் பிரிவுகளில் வைத்தது. இங்கிலாந்திலும் இத்தகைய முழுத் தடை இல்லை. தன் நாட்டுப் போலீசை நம்பிய அரசு, தான் இங்கே வளர்த்த போலீசை நம்பவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் 27ஆம் பிரிவில் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்தார்கள். வாக்குமூலத்தின் விளைவாகப் பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால், அதைச் சார்ந்த பகுதி மட்டும் செல்லும். பெரிய கதவைச் சாத்திவிட்டுச் சாளரத்தைத் திறந்தது போலாயிற்று. அடித்தேனும் பொருளைக் கண்டுபிடி என்னும் ஆசை அந்தச் சாளரத்தின் வழியே மீண்டும் உள்ளே நுழைந்தது.

1862 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்தும் ஃபவுஜ்தாரி அதாலத்தும் ஒன்றாகி, சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியது. அடையாற்றுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே தண்டனைச் சட்டம் என்றாயிற்று. தண்டனைகள் தூக்கு, நாடு கடத்தல், கடுங்காவல், வெறுங்காவல், சொத்துப் பறிமுதல், அபராதம் என வகுக்கப்பட்டன. 1858 முதல் அந்தமான் நாடு கடத்தப்பட்டோரின் குடியேற்றமாக இருந்தது. கசையடி தண்டனைச் சட்டத்தில் முதலில் இல்லை. 1864இல் தனிச் சட்டமாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாகரிகம் கற்பிக்க வந்தவர்கள் நான்கே ஆண்டுகளில் சாட்டையைத் தேடியது கவனிக்கத்தக்கது. அது விடுதலைக்குப் பின் 1955இல்தான் ஒழிக்கப்பட்டது.

அதே 1864இல் காஜிகள், முஃப்திகள், பண்டிதர்கள் என்னும் நீதிமன்றச் சட்ட அலுவலர் பதவிகள் அனைத்தும் நீக்கப்பட்டன. ஆலிமின் நாற்காலி நீதிமன்றத்திலிருந்து வெளியே வைக்கப்பட்டது. நிக்காஹ் முதலிய காரியங்களுக்குக் காஜி இல்லாமல் முஸ்லிம்கள் இடர்ப்பட, 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. அது முதற்கண் நடைமுறைக்கு வந்தது நம் சென்னை ராஜதானியில்தான். ஆயினும் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதுவும் இல்லை என்று அச்சட்டமே தெளிவாக எழுதி வைத்தது.

பின்னர் நம்மவர்கள் வேறு வாசல் வழியே நீதிமன்றம் புகுந்தனர். 1878இல் முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். இஸ்லாமியச் சட்டத் தத்துவம் பற்றி ஆங்கிலத்தில் அரிய நூலெழுதிய அப்துர் ரஹீம் 1908இல் அதே மன்றத்தின் நீதிபதியானார்.

மீண்டும் அதே சாலையில்

எலியட் பெயரைத் தாங்கியிருந்த அதே சாலையில், ஏவி.எம். இராஜேசுவரி மண்டபத்தில், சென்னைக் கம்பன் கழகத்தின் விழா பல ஆண்டுகள் நடந்து வந்தது. அக்கழகத்தை வளர்த்த பெருமகனார் நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல். 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. கம்பனில் வாலி கேட்ட கேள்விகளை நீதிபதியின் கண்கொண்டு ஆராய்ந்தவர். அவரைக் கம்பராமாயண அறிஞராக நம் குடும்பங்கள் அறியும். வேறொரு வகையிலும் அவரை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நெருக்கடி நிலையின்போது, 1976 பெப்ரவரியில், மிசாச் சட்டத்தின்கீழ்ச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்ட அரசியல் கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். சித்திரவதைக் குழு அறிக்கை தந்த அதே 1855இல் மத்திய சிறையாக்கப்பட்ட சிறை அது. 1977இல் அதை விசாரிக்க அமைந்த ஆணையம் இஸ்மாயீல் அவர்களின் ஒருநபர் ஆணையம். தாக்கப்பட்டது உண்மையே என்று அவர் முடிவு கூறினார். எலியட்டின் குழுவுக்கு ஏறத்தாழ 122 ஆண்டுகளுக்குப் பின், அதே நகரில், அதே கேள்வியை ஒரு தமிழ் முஸ்லிம் நீதிபதி கேட்டு விடை எழுதினார். அடைபட்டவர்களின் கட்சி எது, சமயம் எது என்று அவர் பார்க்கவில்லை. ஹிஷாம் (ரலி) அவர்களின் வழி அது. அன்று ஃபவுஜ்தாரி அதாலத்து முஃப்திக்கு இல்லாதிருந்த அதிகாரம், சிறைக்கதவைத் திறந்து உள்ளே நடந்தது என்னவென்று கேட்கும் அதிகாரம், அவருக்கு இருந்தது. அதை அவர் வீணாக்கவில்லை.

அந்தச் சிறை 2006இல் புழலுக்கு மாற்றப்பட்டது. பழைய சுவர்கள் இடிக்கப்பட்டன. மெக்காலேயின் தண்டனைச் சட்டமும் 2024 ஜூலை முதல் நாள் பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு இடம் விட்டது. பழைய 330, 331ஆம் பிரிவுகள் அதில் 120ஆம் பிரிவாகின. போலீசாரிடம் கூறும் வாக்குமூலம் செல்லாது என்னும் விதி புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தச் சிறு சாளரமும் அப்படியே இருக்கிறது. கைது செய்தவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. கைது செய்தியைக் குடும்பத்தாருக்கு அறிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பன 1996இல் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் வகுத்த கட்டளைகள். இத்தனைக்கும் பிறகுதான், 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தனர்.

ஆகவே பெற்றோர்களே, இளைஞர்களே, இதை வெறும் பழங்கதையாகக் கொள்ளாதீர்கள். மேலே சொன்ன சட்டங்களை உங்கள் வீட்டில் ஒருவரேனும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளுள் சிலர் வழக்குரைஞர்களாகவும், மாஜிஸ்திரேட்டுகளாகவும், காவல்துறை அதிகாரிகளாகவும் வர வேண்டும். வந்த பிறகு, தம் முன் நிற்பவனின் பெயரைக் கேட்கும் முன், அவன் முதுகைப் பார்க்க வேண்டும். விதிகளுக்கு அன்றும் பஞ்சமில்லை, இன்றும் பஞ்சமில்லை. கேட்க ஆள் வேண்டும்.

1854இல் அந்த 519 பேர் சென்னைக்கு வந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோருக்குத் தம் பெயரைக் கூட எழுதத் தெரிந்திராது. சாலையின் பெயர் எலியட்டிடமிருந்து பேரறிஞர் ஒருவருக்குப் போயிற்று. கடற்கரை மட்டும் எலியட்டின் பெயரையே தாங்குகிறது. அந்த உழவர்களின் பெயரில் ஒரு சந்துகூட இல்லை. ஆனால் இன்று காவல் நிலையத்தில் ஒருவன், என்னை அடித்து வாங்கிய சொல் செல்லாது என்று சொல்ல முடிகிறதென்றால், அந்த உரிமையின் ஒரு பங்கு அவர்கள் நடந்து வந்த வழியில் ஈட்டப்பட்டது. அடுத்த முறை அந்தக் கடற்கரைக்குச் செல்லும்போது நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுவோம். அநீதியிழைக்கப்பட்டவனின் முறையீட்டுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை ஏதுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம்.